வெப்பமும் விரைவுச் சோதனையும்

காய்ச்சல் என்று வந்தவரின் விரல் நுனியில் ஊசியால் மெல்லக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். தீப்பெட்டியைச் சற்றே நீட்டியது போன்ற ஒரு பிளாஸ்டிக் கூட்டின் சிறு குழியில் அதை விடுகிறார்கள். பக்கத்துக் குழியில் ஒரு கரைசலிலிருந்து சில துளிகள். கால் மணி, இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் வெள்ளை இழையின் மீது செந்நிறக் கோடு எழுந்திருக்கும். ஒரே கோடானால் மலேரியா இல்லை. அதற்கு மேலும் கோடு தோன்றினால் மலேரியா உண்டு. இதற்கு நுண்நோக்கி வேண்டுவதில்லை, மின்சாரம் வேண்டுவதில்லை, பல ஆண்டுப் படிப்பும் வேண்டுவதில்லை. பஸ்தார்க் காடுகளிலும், கோராபுட் மலைகளிலும், வடகிழக்கு எல்லைக் கிராமங்களிலும் ஆஷா பணியாளராக இருக்கும் ஒரு பெண்மணி, திண்ணையில் உட்கார்ந்தபடியே இதைச் செய்து முடித்துவிடுகிறார். 'கிட்' என்றே இதனை எல்லோரும் வழங்குகிறார்கள்; நானும் அப்படியே கூறுகிறேன்.

அந்த ஒரு கோட்டை நம்பித்தான் ஒரு குழந்தைக்கு மருந்து கொடுப்பதா, வேண்டாமா என்பது முடிவாகிறது. ஆகவே, தொழிற்சாலையிலிருந்து அந்தப் பெண்மணியின் கைக்கு வந்து சேரும் வரையில், அந்தக் கிட் எவ்வளவு வெயிலைத் தாங்கி வந்தது என்று கேட்பது வீண் ஆராய்ச்சி ஆகாது. இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

மத்திய இந்தியாவில் உள்ள ஓர் இரும்பு நகரத்தின் மருத்துவமனையில், ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். நம்மவர்கள் மிகுதியாக வாழும் ஊர் அது. ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, நகரத்துக்கு அப்பால் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்து வந்த ஒருவர், தம் நான்கு வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குழந்தைக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். இரண்டாம் நாளே அருகிலிருந்த சிறு சுகாதார நிலையத்தில் கிட்டில் பார்த்து, மலேரியா இல்லை என்று சொல்லி, காய்ச்சலுக்கு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது குழந்தை கண் திறக்கவில்லை. கண்ணாடிச் சில்லில் இரத்தம் தடவி நுண்நோக்கியின் கீழ் வைத்தேன். ஃபால்சிபாரம் வகை மலேரியா. எண்ணிக்கை மிக அதிகமும் அன்று, மிகக் குறைவும் அன்று; நல்ல கிட் ஒன்று தயங்காமல் காட்டியிருக்க வேண்டிய அளவு.

மறுநாள் அந்தச் சுகாதார நிலையத்திற்கு ஆள் அனுப்பி, மீதியிருந்த கிட்டுகளை வரவழைத்தோம். காலாவதி தேதிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. உறை ஒன்றும் கிழிந்திருக்கவில்லை. மருந்து செலுத்துவதற்கு முன்பு எடுத்து வைத்திருந்த குழந்தையின் இரத்தத்தை அவற்றில் விட்டோம். சிலவற்றில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் அளவு மங்கிய கோடு. மற்றவற்றில் அதுவும் இல்லை. எங்கள் குளிர் அறையில் இருந்த அதே தயாரிப்புக் கிட்டில் அதே இரத்தம் பளிச்சென்று கோடு காட்டியது. குறை ஒட்டுண்ணியிடம் இல்லை, சோதித்தவரிடமும் இல்லை, கிட்டிடமே இருந்தது. பெட்டியை எங்கே வைத்திருந்தார்கள் என்று விசாரித்தோம். எலிக்குப் பயந்து, தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே, இரும்புப் பீரோவின் தலைமேல் வைத்திருந்தார்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

வெப்பம் அந்தச் சிறு கூட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

உள்ளே இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளால் ஆன ஒரு மெல்லிய பட்டை. மை ஒற்றும் தாள் மையை உறிஞ்சுவது போல, அது இரத்தத்தையும் கரைசலையும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்துச் செல்கிறது. வழியில், தொடக்கத்திலேயே, ஒரு சிறு பஞ்சுத் துண்டில் எதிர்ப்பொருள்கள் உலர வைக்கப்பட்டுக் காத்திருக்கின்றன. எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம்; மலேரியா ஒட்டுண்ணி இரத்தத்தில் வெளியிடும் குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளுமாறு அமைந்தது. அந்த எதிர்ப்பொருளோடு பொன்னின் மிக நுண்ணிய துகள்கள் ஒட்டியிருக்கும். பொன் மஞ்சள் நிறம் அல்லவா, கோடு ஏன் சிவக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. பொன்னைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கினால் அதன் நிறம் செம்மையாகிவிடும். பழைய தேவாலயங்களின் சிவப்புக் கண்ணாடிகளில் சில அவ்வாறு நிறம் ஏற்றப்பட்டவையே. பட்டையின் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடாக, இன்னொரு எதிர்ப்பொருள் அசையாமல் பதிக்கப்பட்டிருக்கிறது. ஒட்டுண்ணியின் பொருள் இரத்தத்தில் இருக்குமானால், பொன் தாங்கிய எதிர்ப்பொருள் அதன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு வர, பதிந்திருக்கும் எதிர்ப்பொருள் மறு கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பொன் துகள்கள் அங்கே குவிகின்றன. கோடு சிவக்கிறது.

இத்தனையும் நடப்பது எதிர்ப்பொருளின் வடிவத்தினால். புரதம் என்பது நூல் போன்ற ஒரு நீண்ட பொருள், தனக்கென்று விதித்த முறையில் மடிந்து மடிந்து ஓர் உருவம் கொண்டது. பூட்டுக்குச் சாவி பொருந்துவது அந்த உருவத்தினால்தான். வெப்பம் அந்த மடிப்புக்களைக் கலைக்கிறது. முட்டையை வேக வைத்தால் வெள்ளைக்கரு இறுகிப் போவதைத் தினமும் அடுப்பங்கரையில் காண்கிறோம். இறுகிய கருவைக் குளிர வைத்தால் அது மீண்டும் இளகுவதில்லை. கிட்டின் எதிர்ப்பொருள் அப்படி ஒரே நொடியில் வெந்துவிடுவதில்லை. நாற்பது, நாற்பத்தைந்து டிகிரி செல்சியஸில் வாரக்கணக்காகக் கிடந்து, சிறிது சிறிதாக உருக்குலைகிறது. ஒருமுறை குலைந்தது குலைந்ததே. பிறகு பெட்டியைக் குளிர்பதன அறைக்கு மாற்றினாலும் இழந்த வன்மை திரும்பாது. எதிர்ப்பொருள் மட்டும் அன்று. பட்டையின் உறிஞ்சும் தன்மை மாறலாம், எதிர்ப்பொருள் பட்டையிலிருந்து பிடி விட்டுப் போகலாம், பொன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கலாம். ஈரம் சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகும். அதனால்தான் ஒவ்வொரு கிட்டும் ஈரம் புகாத உறையில், ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றுடன் அடைக்கப்படுகிறது. அந்தப் பொட்டலத்தின் மணிகள் சில தயாரிப்புகளில் நிறம் மாறும் தன்மை உடையவை. உறையைப் பிரிக்கும்போது நிறம் மாறியிருந்தால், காலாவதி தேதியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கிட்டை எறிந்துவிட வேண்டும்.

இவ்விடத்தில் பலரும் ஒரு சந்தேகம் எழுப்புவார்கள். கிட்டில்தான் கட்டுப்பாட்டுக் கோடு என்று ஒன்று இருக்கிறதே. 'சி' என்று ஆங்கில எழுத்திட்ட இடத்தில் அது எழாவிட்டால் கிட் கெட்டது என்றும், எழுந்தால் நல்லது என்றும் தாளில் அச்சிட்டிருக்கிறதே என்பார்கள். அன்பர்களே, இங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அந்தச் சுகாதார நிலையத்துக் கிட்டுகள் அத்தனையிலும் கட்டுப்பாட்டுக் கோடு அழகாக எழுந்தது. அந்தக் கோட்டில் பதிக்கப்பட்டிருப்பது வேறு ஒரு புரதம். ஒட்டுண்ணியின் பொருளைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பொன் தாங்கி வரும் எதிர்ப்பொருளை, அது எதையும் பிடித்து வந்தாலும் வராவிட்டாலும், நேராகவே பற்றிக்கொள்ளும். ஆகவே, அந்தக் கோடு நமக்குத் தெரிவிப்பது, கரைசல் பட்டை வழியே ஓடியது, பொன் துகள் கூடவே வந்தது என்பதை மட்டுமே. நடுவே பதிந்திருக்கும் சோதனைக் கோட்டின் எதிர்ப்பொருள் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. தண்டவாளம் சரியாக இருக்கிறது என்று சொல்லும் சாவடிக்காரர், ரயிலில் ஏறிய பயணி சரியான ஊரில் இறங்கினாரா என்று சொல்ல இயலுமா?

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வெப்பத்தால் பாதி வலுவிழந்த கிட், எல்லா நோயாளியையும் தவறவிடுவதில்லை. இரத்தத்தில் ஒட்டுண்ணி மலிந்து கிடந்தால், எஞ்சிய வலுவைக் கொண்டே கோடு காட்டிவிடும். ஒட்டுண்ணி குறைவாக இருக்கும்போதுதான் தவறுகிறது. நோயின் தொடக்க நாட்களில் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். மருத்துவம் எளிதாகப் பயன்தரும் நாட்களும் அவையே. நேற்று ஒருவருக்கு இந்தப் பெட்டியிலிருந்து எடுத்த கிட் மலேரியாவைக் காட்டியது, ஆகையால் பெட்டி நல்லது என்று ஒரு பணியாளர் எண்ணினால், அவரைக் குற்றம் சொல்ல முடியாது; ஆனால் அந்த எண்ணம் சரியன்று. ஃபால்சிபாரம் மலேரியா ஒரு நாளைக்குள்ளாகவே மூளையைத் தாக்கும் அளவுக்கு முற்றக் கூடியது. குறிப்பாகச் சிறு குழந்தைகளிடம்.

உலக சுகாதார நிறுவனம் வேறு இரு நிறுவனங்களோடு சேர்ந்து 2008-ஆம் ஆண்டில் ஒரு பெரும் பணியைத் தொடங்கியது. சந்தையில் இருந்த மலேரியாக் கிட்டுகளைத் தயாரிப்பாளர்களிடமிருந்தே பெற்று, ஒரே அளவுகோலால் அளந்து, முடிவுகளை வெளிப்படையாக அச்சிட்டது. எட்டுச் சுற்றுக்களாகப் பத்து ஆண்டுகள் அது நடந்தது. ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் 200 ஒட்டுண்ணிகள் இருக்கும்போது கிட் காட்டுகிறதா, 2000 இருக்கும்போது காட்டுகிறதா என்று பார்த்தார்கள். அதோடு, கிட்டுகளை 35 டிகிரியிலும், ஈரக் காற்றோடு கூடிய 45 டிகிரியிலும் இரண்டு மாதம் வைத்திருந்து மறுபடி சோதித்தார்கள். புதிதாக இருக்கையில் ஒன்றுபோலத் தோன்றிய கிட்டுகள், இரண்டு மாத வெப்பத்துக்குப் பிறகு வேறு வேறாகப் பிரிந்து நின்றன. சில அசையவே இல்லை. சில சோர்ந்துவிட்டன. ஃபால்சிபாரத்துக்கே உரிய எச்.ஆர்.பி. இரண்டு என்னும் புரதத்தைத் தேடும் கோடுகள் பொதுவாக வெப்பத்தை நன்கு தாங்கின. பிற வகைகளையும் காட்டும் எல்.டி.எச். என்னும் பொருளைத் தேடும் கோடுகள் சில தயாரிப்புகளில் விரைவாக நலிந்தன. 2013 முதல் நம் நாட்டுத் திட்டத்தில் வழங்கப்படுபவை ஃபால்சிபாரம், வைவாக்ஸ் ஆகிய இரு வகையையும் காட்டும் கிட்டுகள். ஒரே கூட்டில் இருக்கும் இரு கோடுகளும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அடுத்தடுத்த சுற்றுக்களில் கிட்டுகளின் தரம் உயர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எவரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தயாரிப்பாளரும் கவனமாக இருக்கிறார்.

நம் நாட்டில் வாங்கப்படும் கிட்டுகளையும், அனுப்புவதற்கு முன்பு தொகுதி தொகுதியாக மாதிரி எடுத்து ஆய்வு செய்யும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் அந்த ஆய்வு கிட்டின் பிறந்த வீட்டுச் சான்றிதழ். புகுந்த வீட்டுக்குப் போகும் வழியில் நடந்தது அதில் எழுதியிருக்காது.

அந்த வழியைச் சற்று நினைத்துப் பாருங்கள். உறையின் மேல் 'இரண்டு டிகிரி முதல் முப்பது டிகிரி வரை' என்றோ, 'நாற்பது வரை' என்றோ அச்சிட்டிருக்கும். டில்லியிலும் நாகபுரியிலும் ராய்ப்பூரிலும் வாழும் உங்களுக்கு மே மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராஜஸ்தானத்தில் பலோடி என்னும் ஊரில் 2016 மே 19-ஆம் நாள் நிழலிலேயே 51 டிகிரி பதிவாயிற்று. அது நிழலில் எடுத்த அளவு. வெயிலில் நிறுத்திய லாரியின் மூடிய தகரப் பெட்டிக்குள், காற்றின் வெப்பத்தைவிட இருபது டிகிரி கூடுதலாக ஏறுவது அரிதன்று. ஓட்டுநர் சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்து எழுந்து வரும் நேரத்தில் அது நிகழ்ந்துவிடும். அவர் மேல் பிழை இல்லை; ஏற்றியிருக்கும் அட்டைப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சனிக்கிழமை பிற்பகலில் பார்சல் ஆபீசுக்கு வந்த பெட்டி திங்கட்கிழமை காலையில்தான் எடுக்கப்படும். அதுவரை அது நடைமேடையின் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது, மேற்கு வெயில் விழும் பக்கமா, எதிர்ப்பக்கமா என்பதில் ஒரு குழந்தையின் உயிர் தொங்குகிறது என்று சொன்னால், கேட்பவர்கள் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். நான் பார்த்துவிட்டேன், ஆகையால் சொல்கிறேன்.

மாவட்டக் கிடங்குகளில் வெப்பநிலைப் பதிவேடு உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வரும். மாதம் முழுவதும் 29, 30, 29, 30 என்று எழுதியிருக்கும். காலை பத்து மணிக்கு அலுவலகம் திறந்தவுடன் எழுதிய அளவுகள் அவை. பிற்பகல் மூன்று மணிக்கு அதே அறை எவ்வளவு இருந்தது என்று பதிவேடு வாய் திறக்காது. அன்றைய மிகுதியையும் குறைவையும் தானே பிடித்து வைத்துக் காட்டும் வெப்பமானி ஒன்று மாட்டினால் போதும். அதன் விலை ஒரு பெட்டிக் கிட்டின் விலைக்கும் குறைவு.

தடுப்பு மருந்துக்கு இந்தத் தொல்லை தீர்ந்து பல ஆண்டுகள் ஆயின. போலியோச் சொட்டு மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு சதுரமும் இருப்பதைக் குழந்தைகளை அழைத்துச் சென்ற தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். வெப்பம் படப் படச் சதுரம் கறுக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும் வரையில் மருந்தைக் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் கூடாது. 1996 முதல் வழக்கத்துக்கு வந்த இந்தச் சிறு முத்திரை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மருந்தின் பிரயாண வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. மலேரியாக் கிட்டின் உறை மேல் அத்தகைய முத்திரையைச் சாதாரணமாகக் காண்பதில்லை.

தடுப்பு மருந்துக்குப் பனிக்கட்டிப் பெட்டியும் குளிர்ச் சங்கிலியும் வேண்டும். கிட்டுக்கு அவ்வளவு குளிர் வேண்டாம்; தண்மை இருந்தால் போதும். ஆராய்ச்சியாளர்களும் இவ்வாறே வேறுபடுத்திப் பேசுகிறார்கள். கம்போடியா நாட்டில், மின்சாரம் இல்லாத கிராமங்களில், நீர் ஆவியாவதால் குளிரும் எளிய பெட்டிகளைச் செய்து அவற்றில் கிட்டுகளை வைத்துப் பார்த்தார்கள்; வெளி வெப்பத்தின் உச்சம் பெட்டிக்குள் எட்டவில்லை. நம் வீட்டு மண்பானையின் தத்துவம்தான் அது. ஈரக் கோணியைச் சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் மூடியிட்ட தகர டப்பாவில் கிட்டுகளை வைத்திருந்த ஒரு கிராமத்துப் பணியாளரை நானும் சந்தித்திருக்கிறேன். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெற்றிலையை அப்படித்தான் வைப்பாராம். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. வட இந்தியாவில் கூலர் வைத்திருப்பவர்கள் அதை அறிவார்கள்: மே மாதத்து வறண்ட காற்றில் கூலர் சுகமாகக் குளிர்விக்கும், ஜூலையில் மழைக்காற்று வந்துவிட்டால் அதே கூலர் அறையைப் புழுக்க அறையாக்கிவிடும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது, பானையும் குளிராது. கொல்கத்தாவிலும் மும்பையிலும் இந்த உபாயம் பெரிதாக உதவாது. அங்கே, வடக்குச் சுவரை ஒட்டி, கூரையிலிருந்து விலக்கி, தரைக்குச் சற்று மேலே, காற்றோட்டமான நிழலில் வைப்பதே சிறந்த வழி.

குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் கவலை விட்டது என்றும் எண்ண வேண்டாம். வைக்கலாம், ஆனால் உறையவைக்கும் அறையில் வைக்கக் கூடாது. எடுத்தவுடன் உறையைப் பிரித்தால், கண்ணாடித் தம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்ப்பது போல, பட்டையின் மேல் ஈரம் படியும். உறையைப் பிரிக்காமலே அறையின் வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகுதான் பிரிக்க வேண்டும். பிரித்த கிட்டை உடனே பயன்படுத்த வேண்டும்.

குளிரும் கெடுக்கும் என்பதைக் கொரோனாக் காலத்தில் உலகம் கண்டுகொண்டது. மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டுப் பார்க்கும் விரைவுச் சோதனையும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பதினோரு வகைக் கிட்டுகளை எடுத்து வெவ்வேறு வெப்பநிலையில் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். 37 டிகிரியில் வைத்திருந்த கிட்டுகள் பல, நோயைக் கண்டுபிடிக்கும் கூர்மையை இழந்தன. இரண்டு முதல் நான்கு டிகிரிக் குளிரில் சோதித்தபோது வேறு விதமான தவறு நேர்ந்தது. சில கிட்டுகள் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டின. ஜனவரி மாதத்து டில்லியில், விடியற்காலையில், திறந்தவெளிப் பந்தலில் வரிசையாக நின்று சோதனை செய்துகொண்டவர்கள் இதைக் கேட்டு என்ன நினைப்பார்களோ!

இனி, நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். நேயர்களுள் பலர் சர்க்கரை நோய் உடையவர்களாக, வீட்டிலேயே குளுகோமீட்டர் வைத்துப் பார்ப்பவர்களாக இருக்கக் கூடும். அதில் செருகும் சிறு பட்டையில் இருப்பது எதிர்ப்பொருள் அன்று. சர்க்கரையோடு வினை புரியும் ஒரு நொதி. அதுவும் புரதமே. வெப்பமும் ஈரமும் அதனையும் கெடுக்கும். கெட்ட பட்டை ஒருபோதும் 'நான் கெட்டுவிட்டேன்' என்று சொல்லாது. ஓர் எண்ணைக் காட்டும். அது உண்மையைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். கூடக் காட்டியதை நம்பி இன்சுலின் அளவை ஏற்றிக்கொள்பவருக்கு நேரும் அபாயத்தை நான் விவரிக்க வேண்டுவதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறையில், அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும்போது, நாம் எல்லோரும் ஊருக்குப் புறப்படுகிறோம். டில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டி நாகபுரியையும் பல்லார்ஷாவையும் கடக்கும்போது, குளிர்சாதனம் இல்லாத பெட்டியில் இரும்புச் சட்டத்தைத் தொட முடியாது. பட்டைக் குப்பியை ஜன்னலோரத்துக் கொக்கியில் தொங்கும் கைப்பையில் வைக்காதீர்கள். இருக்கையின் அடியில், துணிப் பெட்டியின் நடுவே, உடுப்புகளுக்குள் சுற்றி வையுங்கள். கனத்த துணி வெப்பத்தை மெல்லத்தான் உள்ளே விடும். கார் வைத்திருப்பவர்கள் அதை வெயிலில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகும்போது குப்பியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் அடுப்பங்கரை மேடையும் குளியலறை அலமாரியும் அதற்கு உகந்த இடங்கள் அல்ல. பட்டைகளைக் குப்பியிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். ஈரம் உறிஞ்சும் பொருள் அந்தக் குப்பியின் மூடியிலோ சுவரிலோதான் வைக்கப்பட்டிருக்கிறது. மழைக்கால மும்பையில் மூடியைத் திறந்தபடி வைத்துவிட்டுப் பேச்சில் ஆழ்ந்துவிடுவோரை நான் அறிவேன். ஒரு நல்ல வசதி என்னவென்றால், சர்க்கரை அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு சோதனைக் கரைசல், மருந்துக் கடைகள் சிலவற்றிலும் தயாரிப்பாளரிடமும் கிடைக்கிறது. சந்தேகம் வந்தால் அதில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். குப்பியில் குறித்த எல்லைக்குள் எண் வந்தால் பட்டை நல்லது. மலேரியாக் கிட்டுக்கு அப்படி ஒரு வசதி கிராமத்துப் பணியாளர் கையில் இல்லை.

கிட்டே வேண்டாம், பழையபடி கண்ணாடிச் சில்லும் நுண்நோக்கியுமே போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். நுண்நோக்கியோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். எனினும் அந்தக் கட்சியில் சேரமாட்டேன். ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாவைக் கண்டபோது அவர் கையில் இருந்தது நுண்நோக்கிதான். ஆனால் மலைக் கிராமத்தில் எடுத்த இரத்தச் சில்லு, ஆய்வுக்கூடத்துக்கு வந்து, முறை வந்து, முடிவு எழுதப்பட்டு, திரும்பிப் போய்ச் சேர வாரக்கணக்காகும் நிலை இருந்ததே! அந்த முடிவு போய்ச் சேர்ந்தபோது நோயாளி குணமடைந்திருப்பார், அல்லது இறந்திருப்பார். கால் மணி நேரத்தில் விடை தரும் கிட் அந்தக் கொடுமையைப் பெரிதும் மாற்றிவிட்டது. கிட் மலேரியா இல்லை என்று காட்டியும் காய்ச்சல் தணியாவிட்டால், மறுநாளே மீண்டும் சோதிப்பதும், இயன்றால் சில்லு எடுத்து அனுப்புவதும் மட்டும் கைவிடக் கூடாத வழக்கங்கள்.

அந்தக் குழந்தை ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தது. ஐந்தாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டது. அதன் பிறகு அந்தச் சுகாதார நிலையத்தில், பீரோவின் தலைமேல் இருந்த கிட் பெட்டியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, எலிக்கு ஒரு கம்பி வலை அடித்துக் கொடுத்தோம். வலைக்கான செலவை அந்நிலையத்தின் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில்தான் சில மாதங்கள் கடிதப் போக்குவரத்து நடந்தது.